நிலப் பத்திரத்தை எடுக்காதீர்கள், அம்மா

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ‘பயப்படாதீர்கள்’ என்று தொடங்கினேன், அப்புறம் அழித்துவிட்டேன். மச்சினர் பேச்சைக் கேட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க அரை ஏக்கரை விற்கப் போகிறீர்கள்; மகளோ டிரை ஐஸும் ஆல்கஹாலும் வைத்துக் கண்ணாடித் தொட்டியில் ஆல்பா துகள் (ஹீலியம் அணுக்கரு) போன தடத்தை வெள்ளைக் கோடாகப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்தவள். விற்காதீர்கள்.

கட்-ஆஃப் கதையை ஊரே சொல்லும். நான் சொல்வது அணுக்கரு இயற்பியல், அதிலும் துகளைப் பிடிக்கும் வேலை.

யுரேனியம் அணுக்கரு பிளந்தால் இரண்டு துண்டு என்றுதான் பாடத்தில் இருக்கும். ஆனால் ஏறக்குறைய ஐந்நூறு பிளவுக்கு ஒருமுறை நடுவிலிருந்து மூன்றாவதாக ஒரு குட்டித் துண்டும் தெறிக்கிறது. பெரும்பாலும் ஆல்பா, சில நேரம் அதைவிட எடை கூடிய ஹீலியம்-6 (அரை ஆயுள் 0.8 விநாடி), அபூர்வமாக ஹீலியம்-8 (0.12 விநாடி). இரண்டு பெரிய துண்டுகளும் தள்ளுவதால் அது அவற்றுக்குக் குறுக்காகப் பாயும். வழியில் முதலில் மெல்லிய சிலிக்கான் தகடு, பின்னால் தடித்த தகடு. மெல்லியதில் எவ்வளவு ஆற்றலை விட்டது, தடித்ததில் எவ்வளவு என்று சேர்த்துப் பார்த்தால் வந்தது யார் என்று தெரிந்துவிடும். அதற்குள் சிதைந்துவிடாதா என்று மகள் கேட்பாள்: அந்தத் தகடுகளை எட்ட சில நானோ விநாடிதான் (ஒரு நானோ விநாடி என்பது விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு). பிரான்சில் கிரெனோபிள் ஆய்வு அணு உலையில் லோஹெங்ரின் என்ற கருவி இப்படிப்பட்ட துகள்களைக் காந்தப்புலத்திலும் மின்புலத்திலும் வளைத்துப் பிரிக்கிறது. மும்பை, டெல்லியில் அணுக்கருக்களை வேகமாக ஓடவிடும் பெல்லட்ரான் முடுக்கிகளிலும் பிளவுச் சோதனைகள் நடக்கின்றன.

வழி? பிளஸ் டூ முடித்து நெஸ்ட் என்ற தேசிய நுழைவுத் தேர்வில் தேறினால் புவனேஸ்வரில் நைசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனத்திலோ மும்பையில் உள்ள அடிப்படை அறிவியல் மையத்திலோ ஐந்து வருட ஒருங்கிணைந்த எம்எஸ்சி. அதன்பின் பாபா அணு ஆராய்ச்சி மையப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தால் ஒரு வருடம் உதவித்தொகையோடு படிப்பு, முடித்தால் விஞ்ஞானி வேலை. கல்பாக்கத்திலும் அந்தப் பள்ளி உண்டு. போட்டி கடுமைதான், மறைக்கவில்லை. 22 வயதில் சம்பளம் வேண்டும் என்றால் இது உங்களுக்கில்லை, மச்சினர் மகன் முந்திக்கொள்வான், அதைக் கல்யாண வீடுகளில் கேட்டே ஆக வேண்டும்.

சரி, இப்போது நெஸ்ட் பழைய வினாத்தாள் ஒன்றைக் கொடுத்துக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். பாதியிலேயே எழுந்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், வேறு யோசிக்கலாம். அப்போதும் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.