கணவர் எல்லையில், கூரை ஒழுகுகிறது

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். ஆறு மாதமாக, குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஃபீல்டு பணியில் இருக்கிறார். நான் இரண்டு பிள்ளைகளோடு வடக்கே ஒரு ராணுவக் கன்டோன்மென்டில், இப்படிப் பிரிந்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கும் எஸ்.எஃப். குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவில் படிக்கிறார்கள். கூரை ஒழுகுகிறது, சொன்னால் யாரும் வருவதில்லை. இந்தியும் சரியாக வராது. அவர் போன் செய்தால் அழுதுவிடுகிறேன். அவருக்கும் அங்கே தூக்கம் போச்சு. ஊரில் அவர் பேரில் நில வழக்கு வேறு நடக்கிறது. மாமியார் ஊருக்கே வந்துவிடு என்கிறார். போகட்டுமா, இருக்கட்டுமா?
(பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)

பதில்: இருங்கள் தங்கச்சி. பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரையாவது இருங்கள். அடிக்கடி மாற்றலாகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காகத்தான் கேந்திரிய வித்யாலயாவே வந்தது. 1963-இல் 20 ரெஜிமென்ட் பள்ளிகளை எடுத்துக்கொண்டு தொடங்கினார்கள். நடுவில் ஊர்ப் பள்ளிக்கு மாற்றினால் பாடம், மொழி எல்லாமே மாறும்.

அடுத்தது, கூரையைப் பற்றி போனில் சொல்வதை நிறுத்துங்கள். எல்லையில் நிற்கிற மனிதரால் உங்கள் வீட்டு ஓட்டையை அடைக்க முடியாது. அதற்கென்று ஆள் இருக்கிறார்கள். யாரிடம் சொல்வது என்பதில்தான் நம் பெண்கள் கோட்டை விடுகிறோம். வீட்டை ஒதுக்குவது அந்த ஊர் ராணுவ நிர்வாக அலுவலகமான ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ், பழுது பார்ப்பது ராணுவத்தின் பொறியியல் பிரிவான எம்.இ.எஸ். அந்த எம்.இ.எஸ்ஸுக்குள்ளும் இரண்டு பிரிவு உண்டு. பி.ஆர். என்றால் கட்டடமும் சாலையும், இ.எம். என்றால் கரண்ட், மோட்டார். ஒழுகலை இ.எம். ஆளிடம் சொன்னால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் நான் ஒரு மழைக்காலம் முழுக்க இப்படித் தப்பான ஜன்னலில் போய் நின்றிருக்கிறேன்! பி.ஆர். புகார்ப் பதிவேட்டில் எழுதி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தில் யாரும் வரவில்லையா? அந்த எண்ணைப் போட்டு ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸில் மனு கொடுங்கள். இந்தியில் தப்பிருந்தால் பரவாயில்லை, மனுவுக்கு யாரும் மார்க் போடப்போவதில்லை.

அப்புறம் வெல்ஃபேர் மீட்டிங். 1966-இல் தொடங்கிய ஆவா, அதாவது ராணுவத்தினரின் மனைவியர் நலச் சங்கம், இன்று ஏறக்குறைய எல்லா ஸ்டேஷனிலும் இருக்கிறது. கைதட்டத்தானே கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் போகாமல் இருக்கலாம். கணவரின் ரேங்க் மனைவி உட்காரும் நாற்காலிவரை வருவது எனக்கும் பிடித்ததே இல்லை. ஆனாலும் போங்கள். "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கூட்டத்தை நடத்தும் அதிகாரியின் மனைவி கேட்டதும் எல்லோரும் தலையைக் குனிவார்கள். அப்போது எழுந்து சொல்லுங்கள். உங்கள் பிளாக்கில் இன்னும் நான்கு வீடாவது ஒழுகிக்கொண்டிருக்கும், அவர்களும் வாயைத் திறப்பார்கள். ஒரு வீட்டுப் புகார் என்றால் கிடப்பில் போடலாம், பிளாக்கே புகார் சொன்னால் சுலபமில்லை.

கணவரிடம் போனில் கேட்க வேண்டியது வேறு. உங்கள் பெயரும் பிள்ளைகள் பெயரும் குடும்ப விவரங்களைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ராணுவ ஆணையில் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் டிபெண்டன்ட் கார்டு, மருத்துவம் என்று வரிசையாகச் சிக்கல் வரும். அது அவருடைய யூனிட் ஆபீஸில் மட்டுமே முடிகிற வேலை.

நில வழக்குக்கு நீங்கள் ஊரில் போய்க் காவல் இருக்க வேண்டாம். எல்லைப் பணி போன்ற சிறப்புச் சூழலில் இருக்கும் சிப்பாய் கோர்ட்டுக்கு வர முடியாதபோது வழக்கை நிறுத்திவைக்க, 1925-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கலெக்டர் அதற்குச் சான்று தரலாம். உங்கள் வழக்குக்கு அது பொருந்துமா என்று வக்கீலைக் கேளுங்கள். மாமியாரை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். பெயரில்தான் 'முன்னாள்' இருக்கிறது, பணியில் இருப்பவர்களின் குடும்பமும் அங்கே போகலாம்.

தனிமைக்கு என்னிடம் மருந்தில்லை, ஒரு யோசனை உண்டு. கேட்டுக்கு வெளியே போய் வாருங்கள். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது முதலில் ஓடிவந்தது அந்த ஊர் ஜனங்கள்தான். காயம்பட்டவர்களைத் தூக்க வீட்டுக் கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ராணுவமும் பிறகு ஓராண்டுக்கு அந்த ஊரைத் தத்தெடுத்து, மாதாமாதம் டாக்டரையும் நர்ஸையும் அனுப்புவதாக அறிவித்தது. உங்கள் ஸ்டேஷன் பஜாரிலும் அப்படி மனிதர்கள் இருப்பார்கள். காய்கறிக்காரம்மாவிடம் தினமும் பத்து வார்த்தை பேசினால் இந்தியும் வரும், பேச ஓர் ஆளும் கிடைக்கும். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எம்.ஐ. ரூம் என்கிற ராணுவச் சிகிச்சை அறையின் டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போகமாட்டீர்களா?

இன்னொன்று. எஸ்.எஃப். வீட்டுக்குக் காலவரம்பு உண்டு. ஒதுக்கீட்டு ஆணையை எடுத்து, எந்தத் தேதிவரை என்று இன்றே பாருங்கள். அது பரீட்சைக்கு முன்னால் முடிகிறதென்றால் நீட்டிப்புக்கான மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.