பூங்கா எல்லைக்கட்டை நம் காணிக்குள் விழுந்தால்

கேள்வி: ஒஹியவுக்குக் கீழே எங்கள் அப்பா உறுதி (கிரயப் பத்திரம்) முடித்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் மரக்கறிக் காணி இருக்கிறது. அப்பா காலமாகிவிட்டார், உறுதி இன்னும் அவர் பெயரில்தான். சென்ற மாதம் நில அளவையாளர்கள் வந்து காணிக்குள்ளேயே கட்டைகள் அடித்துச் சிவப்புச் சாயம் பூசிவிட்டுப் போனார்கள். தேசியப் பூங்காவுக்கு எடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கும் அக்கா குடும்பமும் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் போடுகிறது. எங்களுக்கு நட்டஈடு கிடைக்குமா?

பதில்: கட்டை அடித்ததனால் மட்டும் காணி கைமாறிவிடுவதில்லை. இலங்கையின் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவை அரச காணியில் மட்டுமே பிரகடனப்படுத்த முடியும். தனியார் காணி தேவைப்பட்டால், 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் அதை முதலில் சுவீகரித்தாக வேண்டும். சரணாலயத்தின் கதை வேறு: அதன் எல்லைக்குள் தனியார் காணியும் வரலாம், உரிமையும் உங்களிடமே இருக்கும். நுவரெலியாவின் கல்வேஸ் லேண்ட் 1938 முதல் சரணாலயமாக இருந்து 2006இல் தேசியப் பூங்காவானது. ஆகவே ஊரில் ‘பூங்கா’ என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எந்தச் சட்டத்தின் கீழ், எந்த வகைப் பிரகடனம் என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது சுவீகரிப்பு அல்ல. சுவீகரிப்பு அறிவித்தல் எதுவும் வந்ததாக நீங்கள் எழுதாததுதான். காணியை எடுக்கப் போகிறோம் என்று அரசு அறிவித்தால், அது உங்களுடையது என்பதை ஏறக்குறைய ஒப்புக்கொண்டே பேச வருகிறது. அறிவித்தல் இல்லாமல் எல்லை மட்டும் அளக்கப்பட்டால், அந்தத் துண்டு ஏற்கெனவே அரச காணி என்று அளக்கச் சொன்ன திணைக்களம் கருதக்கூடும். மலையகத்தில் இது புதிதல்ல. உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை, அதாவது அரசுக்குரியவை, என்று 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அனுமானித்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கக் கூடாதென 1873இல் உத்தரவு வந்தது. 3,160 ஹெக்டேயர் கொண்ட ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்ககமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது இப்படி அரசின் கையில் இருந்த நிலத்தில்தான். சிக்கல் எப்போதும் ஓரங்களில்தான் வருகிறது. அரச காணியில் அத்துமீறியிருப்பதாகச் சொல்லப்பட்டால், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும்படி அறிவித்தல் வரும். நீதவான் நீதிமன்றத்தில் அரசின் அனுமதிப்பத்திரம் போன்ற எழுத்து அதிகாரத்தைத்தான் காட்டலாம். உறுதியை வைத்து வாதாட, வெளியேற்றக் கட்டளையிலிருந்து ஆறு மாதங்களுக்குள் தனி வழக்குத் தொடுக்க வேண்டும். எத்தனை வருடம் கொத்திப் பயிரிட்டாலும் அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை (நெடுங்கால அனுபோகத்தால் வரும் உரிமை) பிறக்காது.

எனவே இன்றிரவே உறுதியை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணையை வாசியுங்கள். வடக்கே ஓடை, கிழக்கே முடிக்குரிய காடு, தெற்கிலும் மேற்கிலும் இன்னாரின் காணி என்று நான்கு எல்லைகளும் அங்கே இருக்கும். ‘கிழக்கே முடிக்குரிய காடு’ என்றால், அந்தக் காடு உங்கள் காணிக்கு வெளியே தொடங்குகிறது என்பதற்கு அந்த ஒரு வரி நல்ல சாட்சி. அட்டவணை குறிப்பிடும் நில அளவை வரைபடத்தின் பிரதியையும், காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதியையும் பெறுங்கள். கட்டை நின்ற இடங்களைப் படமெடுத்து வையுங்கள், பிடுங்க வேண்டாம். பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்துக்கும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் தமிழிலேயே விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். வன பாதுகாப்புத் திணைக்களம் வேறு, வனஜீவராசிகள் திணைக்களம் வேறு. யார் அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள்.

சுவீகரிப்புத்தான் என்றால் முதலில் காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல், தமிழ் உட்பட மூன்று மொழிகளிலும், காணிப் பகுதியில் ஒட்டப்படும். எந்தப் பொதுத் தேவைக்கு என்பதை அறிவித்தலில் சொல்ல வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்து வரும் 4ஆம் பிரிவு அறிவித்தல்தான் நீங்கள் தவறவிடக் கூடாதது: ஆட்சேபனைக்குக் குறைந்தது 14 நாட்கள் தரப்படும், ஆட்சேபித்தவர் நேரில் விளக்கவும் இடமுண்டு. 5ஆம் பிரிவுப் பிரகடனம் வந்த பின் ‘தேவையா’ என்ற கேள்வியை நீதிமன்றத்தில்தான் கிளப்ப முடியும். 7ஆம் பிரிவு அறிவித்தல் வர்த்தமானியில் வெளியாகி, உரித்துக் கோருவோரைப் பிரதேச செயலாளரின் விசாரணைக்கு அழைக்கும். சந்தைப் பெறுமதியும் அந்த அறிவித்தல் வெளியான நாளை வைத்தே கணிக்கப்படும்; காணியின் ஒரு பகுதி மட்டும் போனால் மீதிக்கு ஏற்படும் பாதிப்பையும் கோருங்கள். தீர்மானித்த தொகை போதாதென்றால் 21 நாட்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அவசரம் என்று 38ஆம் பிரிவின் கீழ் உத்தரவிட்டால், தொகை முடிவாகும் முன்பே காணியைப் பொறுப்பேற்க முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்பா பெயரில் உறுதி இருப்பதால், உரித்தாளர்கள் எல்லோரும் சேர்ந்து கோர வேண்டும். மலையகத்தில் இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள்: உறுதியில் ‘பெருமாள் இராமசாமி’, மரணச் சான்றிதழில் ‘ராமசாமி’, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ‘பி. ராமசாமி’. மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். விசாரணை நாளில் அதற்காக அலைய நேரம் இருக்காது.

காணி உங்களிடமே மிஞ்சினாலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள், வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் முன் எழுத்து அனுமதியின்றி எந்த அபிவிருத்தி வேலையும் செய்யக் கூடாது. சுற்றுலா விடுதி கட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அக்காவின் நிலைமை கடினமானது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பாலானவை அரசுடையவை. கம்பனிகள் குத்தகைக்காரர்கள் மட்டுமே. காணி எடுத்தற் சட்டத்தில் ‘அக்கறையுள்ள ஆள்’ (நட்டஈடு கோரக்கூடியவர்) என்பதில் மாத வாடகைக்காரர்கூட அடங்குவதில்லை. லயத்தில் இருப்பவர் எந்த வரிசையில் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2001இல் அமைச்சரவை அங்கீகரித்த மீள்குடியேற்றத் தேசியக் கொள்கை, உறுதி இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. அது சட்டமல்ல, ஆயினும் பிரதேச செயலாளருக்கு எழுதும் கடிதத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடத் தக்கது. எத்தனை பேர்ச்சில் பயிர், எத்தனை வருடமாக, வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி, கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். கடிதத்தின் பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் அவரிடமே இருக்கட்டும்.