அறைத்தோழரைப் பற்றி அதிபரிடம் சொல்வதற்கு முன்

அன்புச் சகோதரரே, குருத்துவப் பயிற்சி பெறும் கொடைக்கானல் குருமடத்தில் உங்கள் அறைத்தோழர் இரவு மௌன நேரத்தில் போர்வைக்குள் கைப்பேசி பார்ப்பதை, நடத்தை உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் என்ற முறையில் உடனே அதிபரிடம் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவரிடமே பேசுங்கள். தனியாக எடுத்துச் சொல்வது, கேளாவிட்டால் ஓரிருவரை உடன் அழைத்துச் செல்வது, அதற்கும் இணங்காவிட்டால் மட்டுமே திருச்சபையிடம் கொண்டுபோவது என்பதே மத்தேயு நற்செய்தி 18:15-17 காட்டும் வரிசை; 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற ஒழுங்கும், தவறியவரை மூத்தோர் இருமுறை மறைவில் எச்சரித்த பிறகே எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்கச் சொல்கிறது. மாலை நடையில் கோக்கர்ஸ் வாக் பக்கம் போகும்போது, "வீட்டில் ஏதும் சிக்கலா?" என்று கேட்டுப் பாருங்கள், சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு மூடுபனி மாதங்களின் தனிமை கடுமையானது. ஆனால் யாரேனும் மிரட்டப்படுவதோ பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாவதோ தெரியவந்தால், இந்த வரிசைக்குக் காத்திராமல் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லிவிடுங்கள்.