பழைய வண்டிக்கு எந்த பிளக், எந்த கேப், எந்த ஒயர்?

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் காயிலுக்கும், இன்ஜினுக்குள் பொறி பாயும் பிளக் நுனிக்கும் இடையிலுள்ள ஒரு முழ தூரத்தைப் பற்றியவை: ஒயர், பிளக் தலையில் மாட்டும் கேப், பிளக். எனவே அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பதிலளிக்கிறேன்.

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பழைய முறைச் சுவிட்ச்) வைத்த பழைய புல்லட் 350 வைத்திருக்கிறேன். ரெசிஸ்டர் பிளக், ரெசிஸ்டர் கேப் இரண்டும் போட்டு, கார் உதிரிபாகக் கடையில் வாங்கிய கார்பன் ஒயரையும் மாட்டினேன். அதிலிருந்து வண்டி அவ்வப்போது விட்டுவிட்டு ஓடுகிறது. ரெசிஸ்டர் தீப்பொறியைத் தின்றுவிடுகிறதா? (பாளையங்கோட்டை)

பழியை ரெசிஸ்டர் மீது போடுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள். கேப்பிலோ பிளக்கிலோ இருக்கும் சுமார் 5 கிலோ ஓம் தடை, தீப்பொறியால் எழும் வானொலி இரைச்சலை அடக்குவதற்காக வைக்கப்பட்டது; பக்கத்து வீட்டுத் திண்ணையில் திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை கேட்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். பொறி பாய்வதற்கு முன் அந்தத் தடை வழியே மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால், அங்கே மின்னழுத்தம் குறிப்பிடும்படி குறைவதும் இல்லை. பொறி பாய்ந்த பிறகே அது ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் பிளக் நுனி தேய்வதும் சற்றுக் குறைகிறது. ஆகவே ஒரு ரெசிஸ்டர் போதும். இரண்டு இருந்தாலும் நல்ல காயில் சமாளித்துவிடும், ஆனால் இரண்டாவதால் எந்த நன்மையும் இல்லை.

உங்கள் வண்டியில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நம் பழைய வண்டிகளின் கேப்பினுள் ஒரு திருகாணி இருக்கும். அது ஒயரின் செம்பு இழைகளுக்குள் ஏறிப் பிடிப்பதற்காக அமைந்தது. கார்பன் ஒயரின் நடுவே இருப்பதோ கார்பன் ஏற்றிய நூல். திருகாணி அதைக் கிழித்துவிடும். கேப்பைக் கழற்றி ஒயர் முனையைப் பாருங்கள்: நடுவில் கறுப்புப் பொடி உதிர்ந்து, ஒரு சிறு குழி விழுந்திருந்தால், பிளக்கில் பாய வேண்டிய பொறியில் ஒரு பங்கு அந்தக் குழியிலேயே பாய்ந்துகொண்டிருக்கிறது. 7 மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்பு இழை ஒயரை வாங்கி, முனையை நேராக வெட்டி, கேப்பை வலஞ்சுழியாக இறுகும்வரை திருகுங்கள். அப்படியே மல்டிமீட்டரால் கேப்பின் திருகாணிக்கும் உள்ளே பிளக்கைக் கவ்வும் கிளிப்புக்கும் இடையே அளந்துவிடுங்கள். 5 கிலோ ஓம் அருகில் காட்டினால் நல்லது. பல மடங்கு ஏறியிருந்தாலோ, கேப்பை அசைக்கும்போது எண் தாவினாலோ, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

பிளக் இடைவெளி 0.5 மில்லிமீட்டர், பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 வரை. மின்னணு இக்னிஷன் வண்டிக்கான 0.7, 0.8 அளவுகளைப் பாயிண்ட் வண்டியில் வைக்க வேண்டாம்.

அப்பா வைத்திருந்த பழைய மைக்கோ பிளக்கில் டபிள்யூ175 என்று இருக்கிறது. கடையில் டபிள்யூ7 தருகிறார்கள். 175 எங்கே, 7 எங்கே? (வள்ளியூர்)

பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே வெப்ப அளவுதான் (பிளக் தன் சூட்டை எவ்வளவு விரைவில் வெளியேற்றும் என்பதன் அளவு). மைக்கோ என்பது 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட, பாஷ் பிளக்குகளைச் செய்துவந்த நிறுவனம். 2008-இல் அதன் பெயரே பாஷ் என்று மாறியது. பாஷின் பழைய முறையில் எண் கூடக்கூட பிளக் குளிர்ந்தது. புதிய முறையில் எண் கூடக்கூட பிளக் சூடானது. என்.ஜி.கே. நிறுவனமோ இன்றும் எண் கூடினால் குளிர்ந்தது என்றே வைத்திருக்கிறது. பாஷ் 7-க்கு ஏறத்தாழ ஈடானது என்.ஜி.கே. 6. இந்தத் தலைகீழ்க் கணக்கு தெரியாமல், "ஒரு நம்பர் ஏத்திப் போடுங்க" என்ற பட்டறைப் பேச்சை வேறு கம்பெனி பிளக்குக்கும் பொருத்திப் பார்த்தால், எதிர்த் திசையில் போய்விடுவீர்கள்.

வெப்ப அளவு ஒத்துப்போவது மட்டும் போதாது, மரை நீளமும் ஒத்துப்போக வேண்டும். என்.ஜி.கே. எண்ணில் 'எச்' என்றால் 12.7 மில்லிமீட்டர், 'இ' என்றால் 19. பாஷில் 'ஏ' என்றால் 12.7, 'சி' என்றால் 19. ஆனால் டபிள்யூ7ஏசி என்பதன் கடைசியில் வரும் 'சி' செம்பு நடுமுனையைக் குறிப்பது, நீளத்தை அல்ல. நீளமான பிளக்கைக் குட்டையான துளையில் போட்டால் பிஸ்டனில் இடிக்கக்கூடும்; இடிக்காவிட்டாலும் வெளியே நீண்ட மரை பழுக்கக் காய்ந்து, பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைத்துவிடும். குட்டையானதை நீளமான துளையில் போட்டால் மீதி மரையில் கரி ஏறி, பின்னர் சரியான பிளக்கும் இறங்காது.

ஆர்.டி. 350 பைக்கில் பி8எச்எஸ் என்ற என்.ஜி.கே. பிளக் போட்டிருக்கிறேன். டவுன் ரதவீதிக்குள் ஓட்டினால் கரி பிடிக்கிறது. பி7எச்எஸ் போடலாமா? (சேரன்மகாதேவி)

முதலில் கார்புரேட்டரையும் ஆயில் பம்பையும் சரிபாருங்கள். கரிக்குக் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிறகும் பிடித்தால் ஒரு படி சூடான பி7எச்எஸ் போடலாம், ஊருக்குள் ஓட்டும்வரை. அதே பிளக்குடன் நாங்குநேரி தாண்டி நாற்கரச் சாலையில் முழு வேகத்தில் பிடித்துப் போனால், பிஸ்டனில் ஓட்டை விழும் அபாயம் உண்டு. கரி பிடித்த பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்க்க வேண்டாம். பீங்கானில் உலோகக் கோடு விழுந்து, அதன் வழியே மின்சாரம் கசியும்.

சாரல் காலத்தில் மட்டும் என் எஸ்டி பைக் மிஸ் ஆகிறது. கேப்பைச் சுற்றி டேப் ஒட்டியும் பயனில்லை. (கடையம்)

டேப் நீரை வெளியே நிறுத்துவதில்லை, உள்ளே சிறைவைக்கிறது. இருட்டிய பின் வண்டியை ஓடவிட்டு, கேப்பின் மீதும் ஒயர் மீதும் சன்னமாக நீர் தெளித்துத் தள்ளி நின்று பாருங்கள். வெடிப்பு இருக்கும் இடத்தில் நீல ஒளி ஊர்ந்து, இன்ஜினைக் குளிர்விக்கும் ஃபின் தகடுகளை நோக்கிப் பாயும். பேக்கலைட் கேப் மயிரிழை அளவு கீறியிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். புதிய கேப்பின் இரு வாயிலும் ரப்பர் இருக்கட்டும். பிளக் தலையில் குமிழ் நட் வைத்த பிளக்குக்கும் வெறும் மரை உள்ள பிளக்குக்கும் கேப் வேறு என்பதையும் கவனித்து வாங்குங்கள். பொருந்தாத கேப் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். உவரி, திசையன்விளைப் பக்கத்து வாசகர்கள் ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். இருந்தால் அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் போதும்.

இரிடியம் பிளக் போட்டால் இழுவை கூடுமா? (சங்கரன்கோவில்)

கூடாது. ஆயில் மேலேறும் பழைய இன்ஜினில் அந்தக் காசைப் பிஸ்டன் ரிங் மாற்றச் செலவிடுங்கள்.

காயிலை மாற்றியபின் கிக்கரில் எளிதாகக் கிளம்பவில்லை. பொறியோ நன்றாகத் தெரிகிறது. (அம்பாசமுத்திரம்)

காயிலின் இரு சிறு ஒயர்களும் இடம் மாறியிருக்கலாம். பிளக்கின் நடுமுனை அதிகம் சூடாவதால், அது எதிர்மின் முனையாக இருந்தால் எலக்ட்ரான்கள் எளிதில் கிளம்பும். தலைகீழானால் அதே பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டியிருக்கும். சோதிக்க ஒரு பென்சில் போதும். பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில், பிளக்கை இன்ஜினில் எர்த் ஆகும்படி வைத்து, ஒயர் முனைக்கும் பிளக் தலைக்கும் இடையே பென்சில் கரியின் கூர்முனையைப் பிடிக்கச் செய்யுங்கள். பென்சிலைக் கையால் தொடாமல் ரப்பர் உறை போட்ட குறட்டால் பிடிப்பது நல்லது. செந்நிறச் சிதறல் பிளக் பக்கம் தெரிந்தால் சரி, ஒயர் பக்கம் தெரிந்தால் தலைகீழ். நெகட்டிவ் எர்த் வண்டியில் (பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடலோடு இணைந்தது) பாயிண்டுக்குப் போகும் ஒயர் காயிலின் மைனஸ் முனையிலும், சாவியிலிருந்து வருவது பிளஸ் முனையிலும் இருக்க வேண்டும்.