செட்டுக்கு எத்தனை அர்த்தம்?

அன்புள்ள ஐயா,

'செட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 430 அர்த்தங்கள் உண்டு என்று படித்தேன். அவ்வளவு சின்னச் சொல் இத்தனையைச் சுமந்தால் ஆங்கிலேயர்கள் எப்படிக் குழம்பாமல் பேசிக்கொள்கிறார்கள்? தமிழில் ஒரு சொல்லுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று பொருள்தான், நம் மொழி தெளிவானது என்று நண்பரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் எப்படி மனப்பாடம் செய்வது?

எம்.

அன்புள்ள எம்.,

நண்பர் ஏன் சிரித்தார் என்பதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 430.

அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 1989இல் வந்தது, அதன் கணக்கு. இருபது தொகுதிகளில் மிக நீளமான பதிவு செட்தான். அதை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் செலவாகியிருக்கின்றன, ஒரு நாவல் அளவுக்கு. இன்று அந்தப் பெருமை அதனிடம் இல்லை. மூன்றாம் பதிப்புக்காக 'ரன்' என்ற சொல்லைத் திருத்தி எழுதியபோது வினையாக மட்டும் 645 பொருள்கள் தேறின. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளர் அந்த ஒற்றைச் சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

ஆனால் இந்த எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். கடிகாரத்தில் அலாரம் செட் செய்வதும் அடுப்பில் வெப்பநிலையை செட் செய்வதும் ஒரு பொருளா, இரண்டா? அகராதிக்காரர் எப்படிப் பிரிக்கிறாரோ அப்படி. பெரிய அகராதி இழை இழையாகப் பிரிக்கும், சின்ன அகராதி அதே சொல்லை அரைப் பக்கத்தில் முடித்துவிடும். பேசுகிறவர் தலைக்குள் 430 அறைகள் கிடையாது.

அங்கே இருப்பது பெரும்பாலும் ஒரே படம்தான். உட்கார்வது 'சிட்', உட்கார வைப்பது 'செட்'. பழைய ஆங்கிலத்திலேயே உள்ள ஜோடி இது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்தோமே, அதேதான்: இரு–இருத்து, கிட–கிடத்து, வீழ்–வீழ்த்து. ஆங்கிலத்தில் இந்த வழக்கம் என்றோ வற்றிப்போய், லை–லே (கிட–கிடத்து), ரைஸ்–ரெய்ஸ் (எழு–எழுப்பு) போல ஒரு கைப்பிடி ஜோடிகள்தான் மிச்சம். செட் என்றால் 'இருத்து' என்று வைத்துக்கொண்டு பாருங்கள். மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பை அதன் இடத்தில் சேர்ப்பது, கூட்டத்துக்கு நாள் குறிப்பது, அச்சுக்கு எழுத்துக் கோப்பது எல்லாமே எதையோ ஓர் இடத்தில் இருத்துவதுதான். சிமென்ட் இறுகும்போது தானே அமர்ந்துகொள்கிறது. சூரியனும் கீழே போய் அமர்கிறது.

இந்தப் படத்துக்குள் அடங்காத செட் ஒன்று உண்டு. பத்துப் புத்தகம் சேர்ந்தது ஒரு செட் என்கிறோமே, அது. அதற்குத் தாய் வேறு. லத்தீனில் 'செக்டா', ஒருவரைப் பின்தொடரும் கூட்டம். பிரெஞ்சு வழியாக வந்து, பழைய செட்டோடு ஒட்டிக்கொண்டது. மதப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' இதன் உடன்பிறப்பு. கணிதத்தில் வரும் செட்டும் இந்தக் கூட்டச் செட்தான். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது கணம், இலங்கைப் பாடநூலில் தொடை. ஒரு செட்டைத் தமிழாக்கவே நமக்கு இரண்டு சொல் வேண்டியிருந்தது!

சரி, நண்பரின் சிரிப்புக்கு வருவோம். அவர் மனதில் 'அடி' ஓடியிருக்கும். வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது, நாற்றம் அடிக்கிறது. நாம் மணி அடிக்கிறோம், கண் அடிக்கிறோம், சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம், பரீட்சையில் காப்பி அடிக்கிறோம் (நீங்கள் வேண்டாம்), அரட்டை அடிக்கிறோம். இதில் எதிலும் யாருக்கும் வலிப்பதில்லை. இது போக, பாதமும் அடி, செய்யுளின் வரியும் அடி, பன்னிரண்டு அங்குலமும் அடி. அந்த அடியை அகராதிகள் தனிச் சொல்லாகவே வைக்கும். செட்டைப் போலவே இங்கும் இரண்டு வேர். நீங்கள் இதுவரை ஒரு நாளாவது குழம்பியிருப்பீர்களா? பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கல்லும் எலும்பும் தேதியும் சிமென்ட்டும் ஆங்கிலேயருக்குச் செய்வதும் அதையேதான்.

அதிகம் புழங்கும் சொல்லுக்குத்தான் அதிகம் பொருள் சேரும் என்று ஜார்ஜ் ஜிப்ஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1945லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். எடு, பிடி, விடு, போடு என்று ஒரு சுற்று வந்தால் நமக்கே புரிந்துவிடும். ரன்னுக்கு இயந்திரங்களும் சேர்ந்துகொண்டன. ரயில் ஓடியது, இன்ஜின் ஓடியது, கடைசியில் கணினி நிரலும் ஓடியது. நிறுவனத்தைக்கூட அவர்கள் 'ஓட்டுகிறார்கள்'. நாம் நிதானமாக 'நடத்துகிறோம்'.

மனப்பாடம் வேண்டாம். செட் என்று தனியாக எழுதிப் பொருள் அடுக்காமல், அதோடு வந்த சொல்லையும் சேர்த்து ஒரு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வில் கேட்பதும் வாக்கியத்தில் வைத்துத்தான். 'செட் அப்', 'செட் ஆஃப்' போல ஒட்டுச் சொல்லோடு வருபவற்றை மட்டும் தனிச் சொற்களாகவே படியுங்கள், அங்கே 'இருத்து' எப்போதும் கைகொடுக்காது.

இன்னொன்று. 'இந்த வேலை எனக்கு செட் ஆகாது' என்கிறோம் இல்லையா? அதை ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரிடம் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொல்லிப் பாருங்கள், விழிப்பார். அந்த 430இல் இது கிடையாது. நாம் சேர்த்தது.