சிவப்பில் வைத்த ஐம்பது ரேண்ட்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்து மூன்று மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, ஆபீஸ் நண்பர்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி கசினோவுக்குக் கூப்பிடுகிறார்கள். ரூலெட் ஆடிப் பார்க்க ஆசை. எப்படி ஆடுவது? தோற்கத் தோற்க இரட்டிப்பாக வைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஜெயித்துவிடலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நிஜமா? போகலாமா, வேண்டாமா?"

போய்ப் பாருங்கள் தம்பி. வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. 17 வருடமாக இங்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்துகிறவள். அப்படியிருந்தும் அந்த வீடியோக்காரர் சொல்லும் அதே முறையில் ஒரே ராத்திரியில் 3,150 ரேண்டைத் தொலைத்திருக்கிறேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆட்டம்.

சக்கரத்தில் 37 குழி இருக்கும். 1 முதல் 36 வரை பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மீதி ஒன்று பச்சை நிறத்தில் சைபர். மேசையை நடத்தும் டீலர் சக்கரத்தை ஒரு பக்கமும் பந்தை எதிர்ப்பக்கமும் சுற்றிவிடுவார். பந்து எந்தக் குழியில் அடங்குகிறதோ அதுதான் எண். மேசையில் அதே எண்கள் மூன்று வரிசையாகக் கட்டம் போட்டிருக்கும். ஒரே எண்ணின் மேல் வைத்து அது விழுந்தால் ஒன்றுக்கு 35. இரண்டு எண்ணுக்கு நடுவில் கோட்டின் மேல் வைத்தால் 17, நான்கு எண் சேரும் மூலையில் வைத்தால் 8. 1 முதல் 12 வரை, 13 முதல் 24 வரை என்று டஜனாக வைத்தால் ஒன்றுக்கு இரண்டு. சிவப்பு அல்லது கறுப்பு, ஒற்றை அல்லது இரட்டை இதில் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று. வைத்த காசும் திரும்பி வரும். ஆட்டம் அவ்வளவுதான். சீட்டாட்டம் போல மூளையைக் கசக்கும் வேலையே இல்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் இந்த மேசைக்குத்தான் ஓடுவார்கள்.

தெரியாமல் போனால் திட்டு வாங்கவைக்கும் விஷயம் வேறு இருக்கிறது. பணத்தை டீலர் கையில் நீட்டக் கூடாது, மேசையில் வைக்க வேண்டும். அவர் எண்ணிப் பார்த்து, காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகளை, அதாவது சிப்ஸை, ஒரே நிறத்தில் தருவார். பக்கத்தில் நிற்பவருக்கு வேறு நிறம். யார் எங்கே வைத்தார்கள் என்பது அதை வைத்துத்தான் தெரியும். அந்த நிற சிப்ஸ் அந்த மேசையில் மட்டும்தான் செல்லும், அதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். எழுந்திருக்கும்போது திருப்பிக் கொடுத்து, மதிப்பு எழுதிய சிப்ஸாக மாற்றிக்கொண்டு கேஷ் கவுன்டருக்குப் போக வேண்டும். பந்து வேகம் குறைந்ததும் "நோ மோர் பெட்ஸ்" என்பார்கள். அதற்குப் பிறகு கையை உள்ளே நீட்டினால் நாலு பேர் முன்னால் டீலர் அதட்டுவார். விழுந்த எண்ணின் மேல் ஒரு சின்னக் குறியைக் கொண்டுவந்து வைப்பார். அதை எடுக்கும்வரை எதையும் தொடாதீர்கள். 18 வயது ஆகியிருக்க வேண்டும், அதனால் பாஸ்போர்ட்டோ வேறு அடையாளச் சான்றோ கையில் இருக்கட்டும். மேசையில் ஒரு பலகையில் குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். உட்காருவதற்கு முன்னால் அதைப் படியுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி குறைந்தபட்சத் தொகையை ஏற்றிவிடுவார்கள்.

இப்போது கணக்கு. 37 குழியிலும் தலா ஒரு ரேண்ட் வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டது 37. எந்த எண் விழுந்தாலும் 35-ம் வைத்த 1-ம் சேர்த்து 36 திரும்ப வரும். ஒரு ரேண்ட் போய்விட்டது. அந்த ஒரு ரேண்ட்தான் கசினோவின் சம்பளம், நூற்றுக்கு 2.70. சைபரை எடுத்துவிட்டால் ஆட்டம் சரிசமம், கசினோவுக்கு ஒரு காசு மிஞ்சாது. மின்விளக்கு, கம்பளம், ஏசி, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எல்லாம் அந்தப் பச்சைக் குழியில் இருந்துதான் வருகிறது.

இதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சில சக்கரங்களில் சைபர் தவிர டபுள் சைபரும் இருக்கும். 38 குழி, ஆனால் கொடுப்பது அதே 35. கசினோவின் பங்கு 5.26 ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதிலும் 0, 00, 1, 2, 3 ஐந்தையும் சேர்த்து வைக்கும் பந்தயம் ஒன்று உண்டு, அதில் 7.89. அந்தப் பக்கமே போகாதீர்கள். சக்கரத்தை எட்டிப் பார்த்து ஒரு பச்சையா இரண்டு பச்சையா என்று எண்ணிவிட்டு உட்காருங்கள். ரூலெட்டில் நீங்கள் காட்டக்கூடிய ஒரே சாமர்த்தியம் இதுதான்.

"முறை" என்று வீடியோக்களில் சொல்வதெல்லாம் என்ன? தோற்றால் இரட்டிப்பாக்குவது மார்டிங்கேல். தோற்றால் ஒன்று கூட்டி, ஜெயித்தால் ஒன்று குறைப்பது டி'அலம்பேர். 1, 1, 2, 3, 5, 8 என்று ஏறுவது ஃபிபொனாச்சி. ஒரு தாளில் எண்களை வரிசையாக எழுதி இரண்டு முனையையும் கூட்டி வைப்பது லபூஷேர். பெயர்தான் வேறு வேறு. எல்லாமே எவ்வளவு வைப்பது என்பதைத்தான் மாற்றுகின்றன. எந்தக் குழியில் விழ வேண்டும் என்று பந்துக்கு யாரும் சொல்வதில்லையே. 2.70-ஐ இவற்றில் எதுவும் ஒரு துளி கூடக் குறைக்காது. தோல்வி எந்த உருவத்தில் வரும் என்பது மட்டும் மாறும்.

உதாரணத்துக்கு, இரண்டு டஜனில் தலா 100 வைக்கும் முறை. 24 எண்ணை மூடிவிட்டோம், மூன்றில் இரண்டு தடவை ஜெயிப்போம் என்று தோன்றும். 37 சுற்றில் சராசரியாக 24 தடவை ஜெயித்து 2,400 சேரும். 13 தடவை தோற்று 2,600 போகும். அதிக தடவை ஜெயித்தும் 200 குறைவாகத்தான் வீட்டுக்கு வருவீர்கள். வகுப்பில் இதைப் பலகையில் எழுதினால் பிள்ளைகள் அடுத்த வரிக்கு முன்பே சிரித்துவிடுவார்கள். மேசை முன்னால் நிற்கும்போது யாருக்கும் சிரிப்பு வராது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முறை வேறு. அவர்களுடைய குடும்பம் நாலைந்து தலைமுறையாக இந்த நேட்டால் மாகாணத்தில் இருப்பது. அவருக்குத் தமிழ் அம்மன் பாட்டோடு சரி. இங்கே ஃபா-ஃபீ என்று ஒரு பழைய சூதாட்டம் உண்டு, 1 முதல் 36 வரை எண். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கனவு. ராஜா வந்தால் 1, குரங்கு வந்தால் 2, செத்தவர் வந்தால் 4. காலையில் எழுந்ததும் கனவைச் சொல்லி எண் பிடித்துப் பழகியவர் அவர். ரூலெட்டிலும் அதே 36 எண் இருப்பதைப் பார்த்ததும் விடுவாரா? ஒரு நாள் கனவில் செத்துப்போன மாமியார் வந்தார் என்று 4-இல் வைத்தார். நான் சிரித்தேன். பந்து 4-இல் போய் உட்கார்ந்தது. அதற்கப்புறம் எத்தனை ராத்திரி மாமியார் வந்தும் 4 விழவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை.

மேசைக்கு மேலே ஒரு திரையில் கடைசியாக விழுந்த எண்களைக் காட்டுவார்கள். ஏழு கறுப்பு வரிசையாக வந்திருந்தால், அடுத்தது சிவப்புதான் என்று மனசு அடித்துக்கொள்ளும். 1913 ஆகஸ்ட் 18-ஆம் தேதி மான்டே கார்லோவில் 26 தடவை தொடர்ந்து கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான், இனி சிவப்புதான் என்று காசைக் கொட்டிய கூட்டம் லட்சக்கணக்கில் இழந்தது. முந்தின சுற்றில் எங்கே விழுந்தோம் என்று பந்துக்கு ஞாபகம் இருக்காது. திரையைச் சும்மா வைக்கவில்லை அவர்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அன்றைக்கு உட்கார்ந்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருந்தார், பள்ளியில் தேர்வுத்தாள் திருத்தி முடித்த களைப்பு, கூட வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மேசையில் சிவப்பு–கறுப்புக்குக் குறைந்தது 50, அதிகபட்சம் 3,000. சிவப்பில் 50 வைத்தேன். தோற்றால் 100, பிறகு 200. எந்தச் சுற்றில் ஜெயித்தாலும் போட்டதெல்லாம் வந்து மேலே ஒரு 50 மிஞ்சும். 11 தடவை அப்படி மிஞ்சியது. 550 ரேண்ட். மறுநாள் மார்க்கெட் செலவு ஆயிற்று என்று நினைத்து எழுந்திருக்க வேண்டியதுதானே?

பன்னிரண்டாவது தடவை. 50 கறுப்பு. 100 கறுப்பு. 200 கறுப்பு. 400 வைத்தபோது பந்து ஒரு சிவப்புக் குழியில் விழுந்து, விளிம்பில் ஏறி, பக்கத்துச் சைபரில் இறங்கியது. 800 வைக்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து டீலர் பெண் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். வெளியே போய் ஏடிஎம் மெஷினில் காசு எடுத்துக்கொண்டு வந்து 1,600 வைத்தேன். கறுப்பு 17. இன்னும் அந்த எண் நினைவிருக்கிறது. அடுத்து வைக்க வேண்டியது 3,200. மேசை எல்லை 3,000. கையிலும் இல்லை, மேசையிலும் இடமில்லை. 50-ஐ ஜெயிக்கப் போய் 3,150 காலி. அண்ணன் மகள் காதுகுத்துக்கு அனுப்ப வைத்திருந்த பணம் அது. அண்ணனிடம் பேங்கில் ஏதோ தாமதம் என்று சொல்லிவிட்டு ஒரு டெர்ம் முழுக்கச் சனிக்கிழமைகளில் டியூஷன் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி ஒரு மணிக்கு, தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு தடவை சிவப்பு வராமல் போக 37-இல் 19 வாய்ப்பு. ஆறு தடவை தொடர்ந்து வராமல் போவது கிட்டத்தட்ட 54-இல் ஒன்று. அதாவது 54 தடவை முயன்றால் 53 தடவை 50 வீதம் 2,650 வரும், ஒரு தடவை 3,150 போகும். அந்த ஒரு தடவை எப்போது வரும் என்று மட்டும் தெரியாது. எனக்குப் பன்னிரண்டாவது தடவை வந்தது. வீடியோக்காரருக்கு இன்னும் வரவில்லை போலும், வந்திருந்தால் அந்தப் பதிவைப் போட்டிருக்க மாட்டார்.

எதையாவது ஒரு முறைப்படி ஆடியே தீர வேண்டும் என்றால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். 50 வையுங்கள். தோற்றால் மறுபடியும் 50 மட்டும்தான். ஜெயித்தால் அதை அப்படியே விட்டு 100, மறுபடி ஜெயித்தால் 200. மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்தால் 400 கையில் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது முயற்சியில் ஒன்றுதான் பலிக்கும், கடைசிக் கணக்கில் இதுவும் நஷ்டம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் உங்கள் பையில் இருந்து போவது 50-க்கு மேல் இல்லை. ராத்திரி தூக்கம் வரும்.

நீங்கள் ஊரில் இருந்து வந்தவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2003-இல் லாட்டரிச் சீட்டையே தடை செய்த தமிழ்நாட்டில் இருந்து வந்தவர்களுக்கு, கடற்கரையிலேயே கசினோ இருப்பதைப் பார்த்தால் முதலில் திக்கென்றுதான் இருக்கும். இங்கேயும் நிறவெறி ஆட்சியில் கசினோ சூதாட்டத்துக்குத் தடைதான். அப்போது டர்பன்காரர்கள் அந்த ஆட்சி தனி நாடு என்று அறிவித்திருந்த ட்ரான்ஸ்கை எல்லைக்குள் இருந்த வைல்ட் கோஸ்ட் கசினோ வரை போய்த்தான் ஆடிவிட்டு வருவார்களாம். 1996 சட்டத்துக்குப் பிறகுதான் ஊருக்குள் வந்தது. இப்போது சன்கோஸ்ட் கசினோவுக்கோ சிபாயா கசினோவுக்கோ குடும்பத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேர் மேசைப் பக்கம் திரும்புவதில்லை. சினிமாவுக்கும் சாப்பாட்டுக்கும் வருகிறார்கள். இருட்டிய பிறகு ஒரு டீ குடிக்கக் காலாற நடந்து போக முடியாத ஊர் இது, மூன்று மாதத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். வெளிச்சம், கூட்டம், காவல் உள்ள பார்க்கிங் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கிறது. தனியாக இருக்கும் பிள்ளைகள் முதலில் அதற்காகத்தான் போகிறார்கள். பிறகு சினிமா முடிந்தும் வீட்டுக்குப் போகத் தோன்றாமல் உள்ளே நுழைகிறார்கள். சம்பளம் வந்த வாரம் மட்டும் போனவர்கள் வாராவாரம் போக ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாருக்காவது ஆகிவிட்டால் 0800 006 008 என்று இலவச உதவி எண் இருக்கிறது. என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளவும் வழி உண்டு.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம். ஊருக்கு அனுப்ப வேண்டியதை வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள். கையில் 500 ரேண்ட் ரொக்கம் மட்டும். பேங்க் கார்டை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். நான் மெஷினுக்கு எழுந்து போன அந்த இரண்டு நிமிடம்தான் எனக்கு 1,600 ஆயிற்று. மணிக்கு 40 சுற்று நடக்கிறது, ஒவ்வொன்றிலும் 50 வைக்கிறீர்கள் என்றால் சராசரியாக மணிக்கு 54 ரேண்ட் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் கூட வரும், இல்லாவிட்டால் அரை மணியில் 500-ம் தீரும். ஒரு சினிமா, ஒரு சாப்பாடு, கொஞ்சம் பெட்ரோல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போனில் ஆடும் கசினோவைத் தொடவே வேண்டாம். உரிமம் இல்லாமல் நடத்துவது 2004 சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், படுக்கையில் கிடந்தபடி ஆடினால் எழுந்து போக இடமே இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், வத்தக்குழம்பு வைக்கிறேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வருவார். ராத்திரி என்ன கனவு கண்டீர்கள் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.