எந்த வாசலில் கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எல்லோருக்கும் இலவச மருத்துவம் கேட்டு டிசம்பர் 12 அன்று நாகர்கோவிலில் ஒரு பேரணி. எங்கள் மகளிர் குழுவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) போகிறவர்களும் பால்வெட்டு (ரப்பர் பால் எடுக்கும்) குடும்பத்துப் பெண்களுமாக நாற்பது பேர், பொறுப்பு என்னுடையது. "காப்பீட்டு அட்டைதான் இருக்கே, பிறகு என்னத்துக்கு ஊர்வலம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவதற்குப் பலன் உண்டா? எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஜெ., திங்கள்சந்தை

அன்புள்ள ஜெ.,

வீட்டில் கேட்டது நல்ல கேள்வி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பெரும்பாலும் அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான். காய்ச்சலுக்குத் தனியார் டாக்டரிடம் கொடுக்கும் ஃபீஸ், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மெடிக்கலில் வாங்கும் மாத்திரை, போக்குவரத்து, கூட இருப்பவர் இழக்கும் கூலி எல்லாம் கைக்காசு. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தம் பையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். 2013-14இல் இது 64.2 சதவீதம். குறைந்திருக்கிறது, மறுக்க வேண்டாம். ஆனால் 2025க்குள் அரசுச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2021-22இல் அது 1.84 சதவீதம். 2012 டிசம்பர் 12இல் ஐ.நா. பொதுச்சபை அனைவருக்கும் மருத்துவம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியது. பேரணிக்கு அந்தத் தேதி வந்தது அப்படித்தான்.

இனி பலன். 2.5 சதவீதம் டெல்லியிலும் சென்னையிலும் முடிவாக வேண்டிய விஷயம். அதை மட்டும் எழுதிக் கொடுத்தால் கலெக்டர் 'மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார். இந்த மாவட்டத்து அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டுச் செய்துதர முடிகிற மூன்று கோரிக்கையாவது மனுவில் இருந்தால்தான் அந்த ஒருநாள் கூலிக்கு அர்த்தம் உண்டு என்பது என் கருத்து. அமைப்பாளர்களிடம் இதை இப்போதே கேளுங்கள்.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அரசு ஆஸ்பத்திரி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூன்று துறை. ஆரம்ப சுகாதார நிலையமும் துணை சுகாதார நிலையமும் மாவட்ட சுகாதார அலுவலரின் கீழ். பத்மநாபபுரம், குழித்துறை போன்ற அரசு மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் கீழ். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு டீன். குழித்துறையில் இரவு டாக்டர் இல்லை என்று டீனிடம் மனு கொடுத்தால் அது எங்கள் வேலை இல்லை என்பார்கள், அதில் தவறும் இல்லை. மனுவில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே அது யாருடைய பொறுப்பு என்று எழுதி, மூன்று அலுவலகத்துக்கும் தனித்தனி நகல் கொடுங்கள்.

மாத்திரை பற்றிய புகாரும் இப்படித்தான். "பத்து நாளைக்குத்தான் தருகிறார்கள்" என்று மருந்து கொடுக்கும் பெண்ணிடம் சண்டைபோட்டுப் பயனில்லை. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. கழகத்தின் கிடங்கிலிருந்து ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தன் பாஸ்புக்கில் (ஒதுக்கீட்டுக் கணக்குப் புத்தகத்தில்) ஒதுக்கிய தொகைக்குள்தான் மருந்து எடுக்க முடியும். நோயாளிகள் கூடி ஒதுக்கீடு கூடாவிட்டால் தட்டுப்பாடு வரும். ஆகவே "மருந்து கொடு" என்று எழுதாமல், "இந்த ஆஸ்பத்திரிக்கான மருந்து ஒதுக்கீட்டைப் புறநோயாளி எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்துங்கள், தினசரி கையிருப்பைப் பலகையில் எழுதிப் போடுங்கள்" என்று எழுதுங்கள். இரண்டாவதற்குச் சாக்பீஸ் செலவுதான்.

காவல்துறை அனுமதி உங்கள் வேலையல்ல. ஆனாலும் அனுமதிக் கடிதத்தைப் படம் பிடித்துப் போனில் வைத்திருங்கள். பாதை, நேரம், ஆள் எண்ணிக்கை, ஒலிபெருக்கி நிபந்தனை நான்கும் அதில் உள்ளதா என்று பாருங்கள். விண்ணப்பத்தைப் பதினைந்து நாள் முன்பே கொடுத்து முத்திரையோடு ரசீது வாங்கியிருக்க வேண்டும். கடைசி நாள் மறுத்தால் மதுரைக் கிளை நீதிமன்றத்துக்குப் போக நேரம் இருக்காது. இந்த மாவட்டத்தில் டிசம்பர் கொஞ்சம் இக்கட்டான மாதம் வேறு. 3ஆம் தேதி வரை கோட்டாறு சவேரியார் திருவிழா, கூடவே சபரிமலைக் கூட்டம். போலீஸ்காரர்களுக்கே மூச்சுவிட நேரமிருக்காது. ஆசாரிப்பள்ளம் வாசலில் மைக் வைத்துக் கோஷம் போடலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். ஒலி மாசு விதிப்படி ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. நோயாளிக்காக நடக்கும் ஊர்வலம் நோயாளியின் தூக்கத்தைக் கெடுத்தால் எப்படி?

நேரம் பிற்பகல் 3 மணிக்கு மேல் என்றால் நல்லது. பால்வெட்டுக்காரர்கள் பால் எடுத்து முடித்து வந்துவிடலாம். அண்டி ஆபீஸ் பெண்களுக்கு எப்படியும் கூலி போகும், அதனால் ஒரு வீட்டுக்கு ஒருவர் போதும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நாற்பது பேரும் ஒரே பஸ்ஸுக்கு நிற்காமல் பத்துப் பத்தாகப் பிரிந்து வாருங்கள். சரக்கு ஏற்றும் டெம்போவில் மட்டும் ஏறாதீர்கள். விபத்து நடந்தால் இழப்பீடு வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

மூன்று மூன்று பேராக, வரிசைக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் 500 பேர் நடந்தால் ஊர்வலம் சுமார் 170 மீட்டர் நீளும். முன்னால் போடும் கோஷம் வாலுக்குப் போய்ச்சேர அரை நொடி ஆகும். கடைசியில் எல்லாம் இரைச்சலாகிவிடும். ஐம்பது பேருக்கு ஒருவர் கோஷம் கொடுத்தால் சரியாகும். இடது ஓரமாகப் போங்கள், 108 வந்தால் ஒதுங்க வழி இருக்கட்டும். தட்டியில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். முப்பது அடியிலிருந்து படிக்க எழுத்து மூன்று அங்குலமாவது வேண்டும். கைப்பிடிக்குக் கம்பைவிடக் கெட்டி அட்டைக் குழல் நல்லது. கம்பைப் போலீஸ் வாங்கி வைத்துவிடலாம்.

நாற்பது பேரில் சர்க்கரைக்காரர்கள் யார் யார் என்று எழுதி வையுங்கள். அவசரத்தில் மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருபவர்தான் நடுவழியில் சரிவார். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) கொண்டுவந்தால் பாக்கெட்டில் எழுதிய அளவைப் பாருங்கள். 1 லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும். பிரஷர் இருப்பவர்களுக்கு வெறும் தண்ணீரே போதும்.

12ஆம் தேதி சனி, ஞாயிறில் வந்தால் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்க ஆள் இருக்காது. எந்தக் கிழமையானாலும், அடுத்த திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஐந்து பேர் போய் அதே மனுவைக் கொடுத்து எண் வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, "இதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன, அனுமதித்த டாக்டர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை" என்று 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.